சவரக்கத்திக்கு எந்த வார், எந்த பேஸ்ட்? கேள்வி பதில்

வார் என்றால் சவரக்கத்தியைத் தீட்டும் தோல் பட்டை. பேஸ்ட் என்றால் எஃகைத் தேய்க்கும் நைசான தூள். இன்று வாரில் தீட்டுவது மட்டும். கல் இன்னொரு நாள். சலூனில் பிளேடு மாட்டும் கத்திக்கு வார் தேவையே இல்லை, அதைக் கேட்க வேண்டாம்.

சேலம்: முதல் வார் வாங்குகிறேன். மாட்டுத்தோலா, குதிரைத்தோலா? அகலம்?

மாட்டுத்தோல் போதும். குதிரையின் பின்புறத் தோலில் ஓர் அடர்த்தியான அடுக்கு உண்டு. கார்டோவன் வார் அதில்தான் செய்கிறார்கள். வழவழப்பு அருமை, விலையும் அப்படியே. முதல் வாரில் எப்படியும் வெட்டு விழும், அது மலிவானதிலேயே விழட்டும்.

அகலம் 3 அங்குலம் இருந்தால் கூர் முழுவதும் ஒரே இழுப்பில் தோலில் படியும். 2 அங்குல வாரில் இழுக்கும்போதே குறுக்காகவும் நகர்த்த வேண்டும். முதுகு முன்னால், கூர் பின்னால். வாரின் கோடியில் கத்தியை முதுகின் மேலேயே புரட்டுங்கள்; முதுகு தோலை விட்டு எழும்பினால் தோல் போச்சு. வாரை இறுக்கிப் பிடியுங்கள். தொய்ந்தால் தோல் கூரைச் சுற்றி வளைந்து அதை உருட்டிவிடும். தோலோடு வரும் துணிப்பட்டையில் 20 முறை, தோலில் 50 முறை. தினமும் அவ்வளவுதான்.

ஒன்று மட்டும்: கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடிக்கும் தொங்கும் தோலில் பேஸ்ட் தடவாதீர்கள்.

நாகர்கோவில்: பச்சை, சிவப்பு, கறுப்பு என்று பேஸ்ட் விற்கிறார்கள். எது முதலில், எது கடைசியில்?

நிறத்தை நம்பாதீர்கள் ஐயா. பச்சை என்றால் பெரும்பாலும் குரோமியம் ஆக்சைடு, சிவப்பு என்றால் இரும்பு ஆக்சைடு. ஆனால் ஒரு கம்பெனியின் சிவப்பு கரடாகவும் இன்னொன்றின் சிவப்பு மிக நைசாகவும் இருக்கும். துகள் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று பாருங்கள். சவரக்கத்திக்கு குரோமியம் ஆக்சைடு 0.5 மைக்ரான் அளவில் இருந்தால் நல்லது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பச்சைக் கட்டி உலோகத்துக்கு பாலிஷ் போடுவதற்கு; மெழுகு கலந்தது, அலுமினியம் ஆக்சைடும் பலசமயம் சேர்ந்திருக்கும், துகளும் சீராக இருக்காது. அது சமையலறைக் கத்திக்குப் போகட்டும்.

வைரத்தூள் 1, 0.5, 0.25, 0.1 மைக்ரானில் வருகிறது. வேகமாக வெட்டும். 0.5 வைரத்துக்கு அப்புறம் சவரம் செய்தால் பலருக்கு முகம் எரிகிறது. அவர்கள் கடைசியில் குரோமியம் ஆக்சைடில் பத்து இழுப்பு இழுத்தால் கூர் கொஞ்சம் சாந்தமாகும்.

தடவ பால்சா என்ற மிருதுவான மரத்தின் பலகை எடுங்கள். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்துப் பலகையைத் தேய்த்துச் சமமாக்குங்கள். தூளை விரலால் தேய்க்கும்போது மரத்தின் வரிகள் அடியில் தெரிய வேண்டும். பூசி மெழுகக் கூடாது. நாலு இழுப்பில் பச்சையின் மேல் கறுப்புக் கோடுகள் விழும். அது உங்கள் கத்தியின் எஃகு. ஒரு பலகைக்கு ஒரே தூள். பிறகு கத்தியை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் சுத்தமான தோலுக்குப் போக வேண்டும்.

திருநெல்வேலி: எங்கள் வீட்டில் தோல் ஆகாது. வேறு வழி உண்டா?

தாராளமாக. லினன், கான்வாஸ், பால்சா. ஒன்றும் இல்லாவிட்டால் செய்தித்தாள்.

மதுரை: செய்தித்தாளா? விளையாடாதீங்க சார்.

விளையாடவில்லை. நாலாக மடித்துத் தட்டையான பலகையில் இறுக்கிச் சுற்றுங்கள்.

காரைக்குடி: சரியாச் சொன்னீங்க. எங்க தாத்தா பேப்பரில்தான் தீட்டுவார். மசிதான் பேஸ்ட் வேலை செய்யுதுன்னு சொல்வார்.

தாத்தாவின் பழக்கம் சரி, காரணம்தான் தப்பு. கறுப்பு மசியில் இருப்பது கரித்தூள். நைசானது, ஆனால் எஃகைத் தேய்க்கும் அளவுக்குக் கடினமில்லை. வேலை செய்வது தாள். அச்சடிக்காத தாளில் தீட்டிப் பாருங்கள், அதுவும் கூராக்கும்.

மதுரை: தாள் சொரசொரப்பு. கூர் கெட்டுப்போகும்.

தளர்வாகச் சுற்றினால் கெடும், ஒப்புக்கொள்கிறேன். இறுக்கிச் சுற்றி, கத்தியின் எடையை மட்டும் வைத்து இழுத்தால் கெடாது. நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அழுத்தினால் கார்டோவனிலும் கெடும்.

காரைக்குடி: அப்போ மசிக்கு ஒரு வேலையும் இல்லையா?

கொஞ்சம் வழுக்க உதவலாம். தாத்தாவுக்காக அதை விட்டுக்கொடுக்கிறேன். போதும், அடுத்த கேள்வி.

கடலூர்: மழைக்காலத்தில் வாரில் பூஞ்சை பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கூடாது, பிசுக்காகும். மூடிய பீரோவில் வைக்காமல் காற்றில் தொங்கவிடுங்கள். உலர்ந்த துணியால் துடைத்து, தினம் உள்ளங்கையால் நாலு தேய்ப்பு.

வேலூர்: சிவப்புக்கு அப்புறம் பச்சையா, பச்சைக்கு அப்புறம் சிவப்பா?

நாகர்கோவில்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

திருச்சி: தொங்கும் தோல் வாரில் பச்சை பேஸ்ட் தடவிவிட்டேன். எப்படி எடுப்பது?

முழுதாக எடுக்க முடியாது. தூள் தோலுக்குள் இறங்கியிருக்கும். இனி அது பேஸ்ட் வார். தினசரிக்கு இன்னொன்று வாங்குங்கள். மற்றவர்களுக்கும் சேர்த்து: தொங்கும் தோலில் பேஸ்ட் வேண்டாம்.

ஓசூர்: பிளேடு மாட்டும் கத்திக்கு எந்த வார் நல்லது?

முதல் பத்தி.

தஞ்சாவூர்: வைர பேஸ்ட்டில் 200 முறை இழுத்தும் முடி வெட்டவில்லை.

201-வது வேண்டாம். பேஸ்ட் இருக்கும் கூரைப் புதுப்பிக்கும், இல்லாததை உண்டாக்காது. இரண்டு பக்கச் சரிவும் விளிம்பில் சேரவில்லை என்றால் எந்தத் தூளும் உதவாது. மிருதுவான பரப்பில் இழுக்க இழுக்க விளிம்பு இன்னும் உருளும். 1000 எண் கல்லில் (எண் கூடக்கூடக் கல் நைசாகும்) தொடங்கி, சரிவுகள் நுனிமுதல் அடிவரை சேர்ந்த பிறகு 4000, 8000 என்று போங்கள். 8000-லேயே முகத்தில் ஓரளவு சவரமாகும். அதன் பிறகு பேஸ்ட்டை எடுங்கள்.