ஒளிரும் பாலிமர் நானோத் துகள்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

ஊர் பாளையங்கோட்டை. உடம்புக்குள் செலுத்திப் படம் எடுப்பதற்காக, ஆய்வகத்தில் ஒளிரும் பாலிமர் துகள்கள் செய்வது என் வேலை. பாலிமர் என்றால் நீண்ட சங்கிலியாகக் கோத்த மூலக்கூறு.

வள்ளியூர் மாணவி: உடம்புக்குள் இருக்கும் துகளின் வெளிச்சம் வெளியே எப்படித் தெரியும் அண்ணாச்சி?

கரண்ட் போன ராத்திரியில் டார்ச்சை உள்ளங்கையால் பொத்திப் பாரும்மா, விரலெல்லாம் சிவக்கும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடும். சிவப்பு தப்பி வரும். 650 முதல் 950 நானோமீட்டர் வரை சதை ஒளியை இன்னும் தாராளமாக விடும். அந்த அலைநீளத்தில் ஒளிரும்படி பாலிமரை அமைக்கிறோம். 1000-ஐத் தாண்டினால் ஒளி சிதறுவதும் குறைந்து படம் தெளியும். அப்போதும் ஓரிரண்டு சென்டிமீட்டர் ஆழம்தான். ஸ்கேனுக்கு இது மாற்று இல்லை.

அதே மாணவி: துகளை எப்படிச் செய்வீர்கள்?

டெட்டாலைத் தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கிறதே, ஏறக்குறைய அப்படித்தான். பாலிமரை டெட்ராஹைட்ரோபியூரான் என்ற கரைப்பானில் கரைத்துத் தண்ணீரில் சட்டென்று செலுத்துவோம். தண்ணீரோடு ஒட்டாத சங்கிலிகள் சுருண்டு துகளாகிவிடும்.

பேட்டை வாசகர்: புற்றுநோய் குணமாகுமா?

நான் செய்வது படம் எடுக்க. குணமாக்காது.

களக்காடு வாசகர்: எலிக்குக் கட்டி கரைந்ததாகப் படித்தேன். அத்தைக்குக் கிடைக்குமா?

எலியில் நடந்தது மனிதருக்கு நடந்ததாகாது. அத்தையை நாளைக்கே புற்றுநோய் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

சித்த மருத்துவ மாணவர்: எங்கள் பற்பங்களும் நானோதானே?

சில பற்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பது உண்மை. அளவு ஒன்று என்பதால் பொருள் ஒன்றாகிவிடாது தம்பி. பற்பம் உலோகத்தையோ தாதுவையோ புடமிட்டு எடுப்பது. என் துகள் கார்பன் சங்கிலி.

அவரே மறுபடியும்: அப்போ எங்கள் மருந்துக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். என் துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 6 நானோமீட்டரைத் தாண்டினால் சிறுநீரகம் வெளியேற்றாது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கும். பிஎல்ஜிஏ என்ற வகைப் பாலிமர் என்றால் லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களாக உடைந்துவிடும். ஒளிரும் பாலிமர்கள் பலவற்றின் முதுகெலும்பான சங்கிலியோ லேசில் உடையாது. அறுவை அரங்கில் இன்றும் கைகொடுப்பது இண்டோசயனின் கிரீன் என்ற ஒளிரும் சாயம், ஒரு சிறு மூலக்கூறு. அமெரிக்காவில் 1959-இல் அனுமதி கிடைத்தது. சில நிமிடங்களில் ரத்தத்தை விட்டுக் கல்லீரல் வழியே போய்விடும். அப்படிக் கழியும் பாலிமரைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இன்னொருவர்: சர்க்கரை நோய் குணமாகுமா?

மேலே பேட்டைக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

அம்பாசமுத்திரம் மாணவர்: இதை வீட்டில் செய்து பார்க்கலாமா?

கூடாது. அந்த டெட்ராஹைட்ரோபியூரான் கரைப்பான் தீப்பிடிக்கும். காற்றுப்பட்டுப் பழசானால் வெடிக்கும் பெராக்சைடு சேரும். பாட்டில் திறந்த தேதியை எழுதி ஒட்டாமல் நாங்களே அதைத் தொடுவதில்லை.