முதல் ஃபிலிம் ரோலில் எதைச் சோதிப்பது? – கேள்வி பதில்

கேள்வி: சார், தாத்தாவின் பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா கிடைத்தது. 400 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண்) கருப்பு வெள்ளை ரோல் போட்டிருக்கிறேன். எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவு, அதன் சோதனைக்கு முழு ரோலையும் செலவழிக்க வேண்டுமா?

பதில்: 36 படத்தில் 15 போதும். நல்ல வெயில், மரநிழல், ஜன்னலோரம் என மூன்று இடங்கள். ஒவ்வொன்றிலும் ஐஎஸ்ஓ டயலை 100, 200, 400, 800, 1600 என மாற்றி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் முள்ளை நடுவில் நிறுத்தி ஐந்து படம். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவை, தொடாதீர்கள், ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். வெயிலில் அப்பர்ச்சரை எஃப்22-ல் (சிறிய துளை) வைத்துவிடுங்கள். எஃப்16 என்றால் 1600-க்கு அந்தக் கேமராவின் உச்ச வேகமான 1/1000 நொடி ஷட்டர் போதாது. ஒவ்வொரு படத்தையும் நோட்டில் எழுதுங்கள், ஃபிலிம் எதையும் நினைவில் வைக்காது.

கேள்வி: இதையேதான் செய்தேன் அண்ணா. லேப் கொடுத்த ஸ்கேனில் ஐந்தும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன!

பதில்: ஸ்கேனர் தானாகச் சரிசெய்துவிடும். ஒருமுறை 400 ரோலுக்கு டயலை 100-லேயே மறந்து விட்டிருந்தேன். பிரிண்ட் அழகாக வந்தது. நெகட்டிவைப் பார்த்தபிறகுதான் குட்டு வெளிப்பட்டது, கன்னங்கரேலென்று இருந்தது. அதனால் நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள். வெளிச்சத்தில் பிடித்து, தலைமுடி, மரத்தடி போன்ற இருட்டான பகுதிகளை மட்டும் பாருங்கள். 1600-ல் அங்கே ஒன்றுமே இருக்காது, வெறும் கண்ணாடி மாதிரி. அங்கிருந்து இறங்கி வரும்போது எந்த எண்ணில் முடியின் இழைகள் தெரியத் தொடங்குகின்றனவோ, அதுதான் உங்கள் ஐஎஸ்ஓ. 400 ஃபிலிமுக்குப் பலருக்கு 200, 250 என்றுதான் வரும். உங்கள் மீட்டர், ஷட்டர், ஃபிலிம் கழுவும் டெவலப்பர் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

கேள்வி: வெள்ளை வேட்டியில் அப்பாவை எடுத்தேன், வேட்டி சாம்பலாகிவிட்டது. ஏன்?

பதில்: மீட்டருக்கு வேட்டியும் எருமையும் ஒன்றுதான், இரண்டையும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். அப்பா நிற்கும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது வெளிச்சத்தை இரு மடங்காக்கி, வையுங்கள். வேட்டி வெள்ளையாகவே வரும்.

கேள்வி: நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமே வரும் ஸ்லைடு ஃபிலிமில் பழகலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அரை ஸ்டாப் பிசகினாலே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: என் படங்களில் எல்லா முகமும் நட்டநடுவில் நிற்கிறது. கம்போசிஷன், அதாவது சட்டத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதை, எப்படிப் பழகுவது?

பதில்: குற்றம் பாதி கேமராவுடையது, தம்பி. ஃபோகஸ் பார்க்கும் வட்டம் நடுவில் இருக்கிறது. முகத்தை அங்கே வைத்து ஃபோகஸ் செய்த கையோடு அழுத்திவிடுகிறோம். ஃபோகஸ் ஆனதும் கேமராவை நகர்த்துங்கள். அப்புறம் முகத்தை விட்டுவிட்டு நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பாருங்கள். வியூஃபைண்டர் பெரும்பாலும் முழுப் படத்தையும் காட்டாது, நிக்கான் எஃப்எம்2-விலேயே 93 சதவீதம்தான். ஓரத்தில் பாதி வாளி, யாருடைய முழங்கையோ வந்து உட்காருவது அப்படித்தான்.

சோதனை போக மீதி 21 படம் இருக்கிறதல்லவா? அத்தனையையும் ஒரே டீக்கடையில் எடுங்கள். முதல் ஐந்தாறு எல்லோரும் எடுப்பதுதான். சலிப்பு தட்டியபிறகு குனிவீர்கள், பின்னால் போவீர்கள், பாய்லர் ஆவிக்குப் பின்னால் நிற்பீர்கள். நான் 50 எம்எம் லென்ஸ் ஒன்றோடு மட்டும்தான் பழகச் சொல்வேன். ஜூம் இருந்தால் கால் நகராது.

கேள்வி: ரோலின் எல்லாப் படங்களையும் ஒரே தாளில் சிறிதாகக் காட்டும் காண்டாக்ட் ஷீட் வீட்டிலேயே போட முடியுமா?

பதில்: இருட்டறை இல்லையென்றால், டேப்லெட்டில் வெள்ளைத் திரை வைத்து, அதற்குச் சற்று மேலே கண்ணாடித் துண்டில் நெகட்டிவ் துண்டுகளை அடுக்கி ஃபோனில் எடுங்கள். ஆறு படம் வீதம் ஆறு வரிசை. நிறத்தைத் தலைகீழாக்கினால் போதும்.