ஆட்டிசம் உள்ள மகனுக்குப் பள்ளிப் பாடமா, வாழ்க்கைத் திறனா?

மகனுக்கு 14 வயது, தானாகக் குளிக்கத் தெரியவில்லை, பாடத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். குளியலையும் ஒரு பாடமாக்குங்கள்.

"குளித்துவிட்டு வா" என்பது நமக்கு ஒரு வேலை. அவனுக்கோ அது பதினைந்து, இருபது சிறு வேலைகள். முதலில் எல்லாவற்றையும் நீங்களே செய்து, கடைசியில் துண்டைக் கொடியில் போடுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி. இப்படிப் பின்னிருந்து கற்றால், 'நானே முடித்தேன்' என்ற நிறைவு அவனுக்கு அன்றாடம் கிடைக்கும். அவசரத்தில் நாமே துடைத்துவிடுவதுதான் பெரும்பாலும் தடை.

அமெரிக்காவின் வட கரோலினாவில் உளவியலாளர் எரிக் ஷாப்ளர் வழிநடத்திய, ஆட்டிசம் உள்ளவர்களுக்கான 'டீச்' (TEACCH) திட்டம் 1972இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஆட்டிசத்துக்குப் பெற்றோரே காரணம் என்று அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்த்த காலத்தில், அவர்களைச் சிகிச்சையில் பங்காளிகளாக்கினார் அவர். அதற்காகவே அவர்மீது எனக்குப் பெருமதிப்பு. என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், அடுத்து என்ன என்ற நான்கையும் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளும்படி அமைப்பது 'டீச்' முறையின் அடிப்படை. வளர்ந்தவர்களின் பணியிடத்துக்கும் இதே முறை பொருந்தும்.

குளியலறைச் சுவரில், குளியலின் முக்கியப் படிகளைக் காட்டும் நான்கைந்து படங்களை வரிசையாக ஒட்டுங்கள். கணக்குப் பாடத்தை மளிகைக் கடையில், உண்மையான பத்து ரூபாய்த் தாளோடு நடத்துங்கள்.