"அவ நம்மாளு இல்லை"

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். ஐந்து வயது மகள் பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையை விளையாட்டில் சேர்க்க மாட்டேன் என்கிறாள். காரணம் கேட்டால், "அவ நம்மாளு இல்லை." வீட்டில் நாங்கள் இனம் பற்றிப் பேசியதே இல்லையே, எங்கே கற்றாள்?

பதில்: பேசியிருக்க மாட்டீர்கள், காட்டியிருப்பீர்கள். இத்தாலியில் 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், வெள்ளையர் ஒருவர் கறுப்பினத்தவர் ஒருவரைச் சந்திக்கும் காணொளியைச் சிறு பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பேச்சு இனிமையாக இருந்தும், அந்த வெள்ளையர் தள்ளி உட்கார்ந்து முகத்தைப் பார்க்காமல் தவிர்த்தபோது, பிள்ளைகள் பேச்சை விட்டுவிட்டு உடம்பைத்தான் நம்பினார்கள். கறுப்பினத்தவர்மீது அவர்களுக்கும் ஒட்டுதல் குறைந்தது.

மின்தூக்கியில் வெளிநாட்டு ஊழியர் ஏறினால் மகளின் கையை இழுத்துக்கொள்கிறீர்களா? ரயிலில் அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நிற்கிறீர்களா? சீனப் பக்கத்து வீட்டாரைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்கிறதா? போன பிறந்தநாளுக்கு யார் யார் வந்தார்கள்? "நம்மாளுங்க மட்டும் போதும்" என்று தொலைபேசியில் சொன்னதை அவள் கேட்டிருக்கலாம். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் இன விகிதம் வைத்து வீடு கொடுப்பதால் எல்லா இனத்தாரும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் தாழ்வாரத்தில் தலையசைப்பதோடு உறவு நின்றுவிடும். ஜூலை 21, இன நல்லிணக்க நாளில் ஒருநாள் உடுத்தும் பாஜு குரோங் என்ற மலாய் உடை அதை ஈடுகட்டாது.

அடுத்த முறை அவள் அப்படிச் சொன்னால் "உஷ்" என்று அடக்காதீர்கள். பேசக்கூடாத விஷயம் என்றுதான் பதியும். "நம்மாளுன்னா யாரு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பிறகு, "அவ வீட்ல வேற மொழி, வேற சாமி. விளையாட்டுல சேக்கலன்னா உனக்கு வலிக்கிற மாதிரியே அவளுக்கும் வலிக்கும்" என்று நேராகச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளையை மட்டும், அவள் அம்மாவோடு வீட்டுக்கு அழையுங்கள். மூன்றாவது பிள்ளை வந்தால் இருவர் ஒரு கட்சியாகிவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் போதும். மகளுக்குப் பிடித்த பொம்மைகளைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள், சண்டை அங்கேதான் தொடங்கும். இருவரும் சேர்ந்து செய்ய மாவு பிசைவது, அட்டைப்பெட்டியில் வீடு கட்டுவது என்று ஒரு வேலை கொடுங்கள். தின்பண்டம் எது தரலாம் என்று அவள் அம்மாவிடம் முன்பே கேளுங்கள். ஹலால் முத்திரை உள்ள பொட்டலம் பாதுகாப்பு. தமிழிலேயே பேசி விருந்தாளியை விழிக்க வைக்காதீர்கள். அம்மாக்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு உட்கார்ந்தால் பாதிப் பயன் போய்விடும். மகள் உங்களைத்தான் கவனித்துக்கொண்டிருப்பாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது தொடருங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து அத்தை வீடியோ காலில் பேரனிடம், "வெயில்ல ஆடாதடா, கறுத்துருவ" என்கிறார். இதையும் பெரிதுபடுத்த வேண்டுமா?

பதில்: வகுப்பில் தன்னைவிடக் கறுத்த பிள்ளையை அவன் எடைபோடுவது இந்த அளவுகோலை வைத்துத்தான். அத்தையோடு வாதம் வேண்டாம். "கறுத்தா என்னங்கத்தை, தண்ணி குடிக்காம ஆடுறான், அதச் சொல்லுங்க" என்று அவன் காதில் விழும்படி சொல்லுங்கள்.