எழுத்துப் பிரிக்கும் வேலை

அன்புள்ள ஐயா,

வயது 26, மென்பொருள் வேலை. கையால் அச்சுக்கோத்து, கையால் தைத்துப் புத்தகம் செய்யக் கற்க ஆசை. பெங்களூரில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒன்று நடக்கிறது. எங்கள் தெருவிலேயே ஒரு பழைய அச்சகமும் உண்டு. அங்கே கேட்டால், “வந்து எழுத்தப் பிரிச்சுப் போடு தம்பி, அப்புறம் பாக்கலாம்” என்கிறார் பெரியவர். நான் என் கவிதைகளை நூறு பிரதி அச்சிட நினைத்திருக்கிறேன். அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின்கூட அச்சகத்தில் எடுபிடியாக இருந்து வந்தவர்தானே? நான் எங்கே சேரலாம்? வருமானம் வருமா? காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சு இயந்திரம் ஒன்று வாங்கிப்போடலாமா?

ச.

அன்புள்ள ச.,

பெரியவர் உங்களுக்கு முதல் பாடத்தையே கொடுத்துவிட்டார். அவர் தட்டிக்கழிப்பதாக நினைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சில மாதங்களாக நானும் இதையே யோசித்துக்கொண்டிருப்பதால் பதில் நீள்கிறது.

வருமானத்தை விடுங்கள், உங்களுக்குச் சம்பளம் வருகிறது. ட்ரெடில் வாங்க வேண்டாம். பெங்களூர் வகுப்புக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். எனக்குக் கோபம் மூட்டியது அந்த நூறு பிரதிதான். ஒரு தொழிலின் வாசற்படியில் நிற்கும்போதே உங்கள் பெயர் போட்ட அட்டை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா?

பள்ளி விடுமுறைகளில் எங்கள் ஊர் அச்சகமொன்றில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அச்சடித்து முடிந்த பக்கத்தின் ஈய எழுத்துகளை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கட்டை அவிழ்த்து என் முன்னால் வைப்பார்கள். எழுத்துகள் சரிந்துவிடாமலிருக்க லேசாகத் தண்ணீர் தெளித்து, சில வரிகளை இடது கையில் ஏந்திக்கொள்ள வேண்டும். வரி தலைகீழாக நிற்கும். எழுத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு வெட்டு இருக்கும், அது மேலே பார்த்தபடி இருந்தால் சரியாகப் பிடித்திருக்கிறோம் என்று பொருள். பிறகு வார்த்தை வார்த்தையாக வலது கையில் எடுத்து, கேஸ் எனப்படும் அறைகள் கொண்ட எழுத்துப் பெட்டியில் அந்தந்த அறையில் போட்டுக்கொண்டே போக வேண்டும். பிரிப்பது என்பது இதுதான். ‘கொ’ என்பது மூன்று எழுத்து: கொம்பு ஓர் அறைக்கு, ககரம் ஓர் அறைக்கு, கால் இன்னொன்றுக்கு. ‘கி’யும் ‘கு’வும் தனித்தனி வார்ப்பு, தனித்தனி அறை. ஆங்கில கேஸ் பழகியவர் தமிழ் கேஸைப் பார்த்தால் மலைத்துப்போவார்.

ரகரமும் காலும் ஈயத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. நான் இன்று அறை மாற்றிப் போட்டால் இன்று ஒன்றும் தெரியாது. நாளைக்கு அச்சுக்கோக்கும் கம்பாசிட்டர் அண்ணன் பார்க்காமலே கையை நீட்டி அதே அறையிலிருந்து எடுப்பார், அவருடைய புரூஃபில் பிழையாக வரும். திட்டு அவருக்கு விழும். ஃபோர்மேன் அந்த ஒற்றை எழுத்தைக் கிடுக்கியால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போவார்.

இதற்காகத்தான் பெரியவர் உங்களைப் பிரிக்கச் சொல்கிறார். கேஸ் கைக்கு மனப்பாடமாவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், யாரோ எழுதிய கருமாதிப் பத்திரிகையையும் கூட்டுறவுச் சங்க நோட்டீஸையும் எழுத்தெழுத்தாகக் கலைத்து, அடுத்தவர் கை வைக்கும் இடத்தில் ஒழுங்காக வைப்பது. கோப்பதற்கு முன்னால் இது வர வேண்டும். பைண்டிங்கிலும் இப்படித்தான்: முதலில் பாரம் எனப்படும் அச்சடித்த பெரிய தாளை மடிப்பது, பசை காய்ச்சுவது. ஊசி கைக்கு வருவது பிறகுதான். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் எவ்வளவு போடுவது என்று தெரியாதவன் தைத்த புத்தகம் யாருக்கு வேண்டும்? எழுத்தாளர் விந்தன் கம்பாசிட்டராக அடுத்தவர்களின் கதைகளைக் கோத்தவர். அந்தக் கைதான் பின்னால் தன் கதைகளை எழுதியது.

ஃபிராங்க்ளினை இழுத்திருக்கிறீர்கள். 1718-இல், 12 வயதில், சொந்த அண்ணனிடமே 21 வயதுவரை என்று ஒப்பந்தம் எழுதிக் கட்டப்பட்ட பையன் அவர். அண்ணனிடம் அடி வாங்கியவர். 1723-இல் பாஸ்டனை விட்டு ஓடியே போனார். குருகுலம் என்று உருகுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் அச்சகத்திலும் படிப்பை நிறுத்திவிட்டு வந்த பையன்கள் இருந்தார்கள். எனக்குப் பள்ளி திறந்தது, அவர்களுக்குத் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் வந்ததும் கம்பாசிட்டர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். அப்போது யாரும் அதைக் கலை என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம். சொல்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பெரியவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்திருப்போம்? நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்பழகுநருக்கே உதவித்தொகை உண்டு. நீங்கள் சம்பாதிக்கிறவர். பெங்களூர் வகுப்புக்குக் கட்ட எடுத்துவைத்த பணத்தைப் பெரியவரிடம் கொடுங்கள். கற்றுக்கொடுப்பதற்கு என்று சொல்லியே கொடுங்கள். வாங்க மறுத்தால் அவர் வீட்டு அம்மாவிடம் கொடுங்கள்.

ஒன்று கவனம் தம்பி. எழுத்தில் ஈயம் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள், எழுத்தை வாயில் கவ்வாதீர்கள்.

அந்த அச்சகத்தில் ட்ரெடில் இப்போது பில் புத்தகத்துக்கு நம்பர் அடிக்கவும் தாளைக் கிழிக்க வசதியாகப் பர்ஃபரேஷன் ஓட்டைகள் போடவும்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். பரவாயில்லை. மார்கழியில் போய் நில்லுங்கள். தை முகூர்த்தப் பத்திரிகைகள் குவியும் மாதம், மடிக்க ஆள் போதாது. கவிதை நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.