தையல்காரப் பெண்ணின் பயம்

கேள்வி: குடல் புற்றுநோய் பரம்பரையாக வரும் என்று முதலில் கவனித்தவர் யார்? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் 1895-இல் அவருடைய தையல்காரப் பெண் வருத்தப்பட்டார்: குடும்பத்தில் பலரும் குடல், கருப்பைப் புற்றுநோயில் இறந்தார்களாம், தனக்கும் அதே கதிதானாம். அப்படியே, கருப்பைப் புற்றுநோயில் இளம் வயதிலேயே இறந்தார். அந்தக் குடும்பத்தின் விவரத்தை வார்த்தின் 1913-இல் வெளியிட்டார்.

அப்புறம் நெப்ராஸ்காவில் ஹென்றி லிஞ்ச் இப்படிப்பட்ட குடும்பங்களின் வம்சாவளியைத் தேடித் தொகுத்து, 1966-இல் வெளியிட்டார். பலர் நம்பவில்லை, அவர் விடவில்லை. காரணமான மரபணுக்கள் 1993 முதல் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

மருத்துவராக எனக்கு இன்றும் அந்தத் தையல்காரப் பெண்தான் ஆசான். வயிற்றைத் தொடுமுன், "அப்பா, அத்தை, பாட்டிக்கு என்ன நோய், எந்த வயதில்?" என்று கேட்டுவிடுவேன். உங்கள் வீட்டில் ஐம்பதுக்குள் யாருக்காவது வந்திருந்தால், மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.