பித்தப்பைக்கு ஆபரேஷன், பயமெல்லாம் குடலுக்கு

கேள்வி: வயது 47, பள்ளி ஆசிரியை. பத்து வருடமாக ஐபிஎஸ் (IBS, குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே வயிறு கலக்கி வலிக்கும் கோளாறு) தொல்லை. காலையில் காபி குடித்ததும் மூன்று முறையாவது ஓட வேண்டும், பஸ் ஏறும்முன் இன்னொரு முறை. கொலோனோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது பித்தப்பையில் கல். விருந்து சாப்பிட்ட இரவுகளில் வலது விலாவுக்குக் கீழே இரண்டு தடவை உயிர் போகிற வலி வந்தது. அடுத்த மாதம் லேப்ராஸ்கோப்பி என்கிற துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன். மேசையில் படுத்திருக்கும்போது வயிறு கலக்கினால்? முந்தின நாள் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை இரண்டு போட்டுக்கொள்ளலாமா? கல்லை எடுத்தால் இந்தத் தொல்லையும் போய்விடும் என்கிறார் என் நாத்தனார். நிஜமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நாத்தனாரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். போகாது. உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு வலிகள். பித்தப்பை வலி மேல்வயிற்றில் பிடித்தால் அரைமணி, ஒருமணி என்று விடாமல் நிற்கும். சிலருக்கு முதுகுப் பக்கம் தோள்பட்டை வரை போகும். மோஷன் போனாலும் குறையாது. ஐபிஎஸ் வலியோ மோஷனோடு சேர்ந்தே வந்து போகிற வலி. நீங்கள் எழுதியிருக்கும் விருந்து இரவுகளின் வலி முதல் வகை, அதனால் ஆபரேஷன் சரிதான். ஆனால் வெறும் உப்புசத்துக்கும் பேதிக்கும் பித்தப்பையை எடுத்துவிட்டு, 'அப்படியேதான் இருக்கிறது டாக்டர்' என்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஐபிஎஸ் உள்ளவர்களுக்குப் பித்தப்பை ஆபரேஷன் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நடந்திருப்பதாக அமெரிக்காவில் 2004-ல் வந்த ஓர் ஆய்வே சொல்கிறது.

மேசையைப் பற்றிக் கவலை வேண்டாம். மயக்கத்தில் குடலும் மந்தமாகிவிடும். பயம் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான். திட உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். பால் சேர்ந்த காபியும் பால் கணக்குதான். வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம், உங்கள் மருத்துவமனை சொல்வதே முடிவு. விடியற்காலையில் எழுந்து வெந்நீர் குடித்து, ஓட வேண்டியதை ஓடி முடித்துவிடுங்கள். காலை முதல் கேஸாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே இல்லை.

லோபரமைடு நீங்களாகப் போட வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு குடல் தானே தூங்கப் போகிறது, தாலாட்டு எதற்கு? இதில் என் சொந்தக் கதை ஒன்று உண்டு. எனக்கும் ஐபிஎஸ்தான், ஆனால் மலச்சிக்கல் ரகம். ஆறு வருடம் முன் ஹெர்னியா ஆபரேஷன். டாக்டர்தானே என்ற மிதப்பில் மயக்க மருந்து டாக்டரிடம் அதைச் சொல்லவே இல்லை. வலிக்கு ட்ரமடால், வாந்திக்கு ஒண்டான்செட்ரான். இரண்டுமே மலத்தைக் கட்டுகிறவை. நாலு நாள் ஒன்றும் நகரவில்லை. ஒரு இளம் டாக்டர் லாக்டுலோஸ் கொடுத்தார். அது மலத்தை இளக்கும் சிரப்தான், ஆனால் கேஸையும் உண்டாக்கும். வயிறு மத்தளமாகி, இருமினால் தையல் இழுத்தது. பிறகு பாலிஎதிலீன் கிளைக்கால் பவுடர் மாற்றினார்கள், மறுநாள் விடுதலை. ஒரு வேடிக்கை: அப்புறமாகக் கேஸ் ஷீட்டில் 'ஐபிஎஸ்' என்று எழுதியதைப் பார்த்த நர்ஸ், 'சார் போலீஸா?' என்று கேட்டார்.

அதனால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஐபிஎஸ், பேதி வகை, என்னென்ன மாத்திரை. ஐபிஎஸ் வலிக்காக இரவில் அமிட்ரிப்டிலின் மாத்திரை எடுப்பவரானால் கட்டாயம் சொல்லுங்கள். ட்ரமடாலோடு அது ஒத்துப்போகாமல் போகலாம். அதற்காக நீங்களாக நிறுத்தவும் கூடாது. வலிக்குப் பாரசிட்டமாலை முதலில் வைத்து, கட்டும் மருந்தைக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூள் சாப்பிடுபவரானால், தண்ணீர் தாராளமாக இறங்கும்வரை அது வேண்டாம்.

இனிமேல்தான் முக்கியமானது. பித்தப்பை போனபின் பித்தநீர் சேமிப்பில்லாமல் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அதனால் மஞ்சளாக, எரிச்சலோடு தண்ணீர்போலப் போகும். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் 'ஐபிஎஸ் முற்றிவிட்டது' என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். பித்தநீரைப் பிடித்து வைக்கும் கொலஸ்டிரமின் என்ற பவுடர் அதற்கு உதவும். ஆனால் காய்ச்சல், கண் மஞ்சளாவது, நிற்காத வாந்தி, கேஸ்கூடப் பிரியாமல் வயிறு வீங்குவது, நாளுக்கு நாள் கூடும் வலி, இவற்றில் எது வந்தாலும் பழைய ஐபிஎஸ் மேல் பழி போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

முதல் சில நாள் கஞ்சி, இட்லி, ரசம் சாதம் போதும். ரசத்தில் பூண்டு வேண்டாம். பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் ஆப்பிளும் மாம்பழமும் நாத்தனாருக்கே போகட்டும், இரண்டும் நம் மாதிரி வயிற்றில் கேஸ் கிளப்பும். அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்வார்கள், நடந்துவிடுங்கள். வார்டில் கட்டில் தரும்போது, கழிப்பறைக்குப் பக்கத்துக் கட்டிலாகக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை. பவுடர் வேலை செய்த அந்தக் காலையில், டிரிப்ஸ் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வார்டின் மறுகோடி வரை ஓடியது இன்னும் மறக்கவில்லை.